குருவிப் படங்களும் ஒரு குழந்தையும்

நான் வரைந்த பறவைகள் இருநூற்றுப் பதினேழு. மரஅணில் நான்கும் முள்ளெலி ஒன்றும் இந்தக் கணக்கில் சேராது. பூஞ்சணம் தின்றது போக இப்போது கையில் இருப்பவை நூற்று நாற்பத்திரண்டு. மருமகள் வெயிலில் காயவைக்க எடுத்துப் போன அன்று அதிலும் இரண்டு குறைந்தது. குறையவில்லை என்று அவள் சொல்கிறாள். நான்தான் தப்பாக எண்ணினேனாம்.

அந்த இருநூற்றுப் பதினேழில் ஒன்றுகூட உயிரோடு என் முன்னால் உட்கார்ந்ததில்லை. ஐம்பதுகளில் இலங்கை மலையகத்தில், அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிளாக்கராக இருந்தேன். எனக்குப் பறவை கொடுத்தது எங்கள் தேயிலை ஃபேக்டரி. கொழுந்து வாட்டும் மேல்மாடிகளைச் சுற்றி நூற்றுப் பன்னிரண்டு கண்ணாடி ஜன்னல்கள். மூடுபனி இறங்கிய காலைகளில் குருவிகள் கண்ணாடியை வெட்டவெளி என்று நினைத்து மோதிச் செத்து விழும். ஃபேக்டரி வாசல் கூட்டுகிறவர் அவற்றைக் காகிதத்தில் சுற்றி ஆபீசுக்குக் கொண்டுவருவார்.

"ஐயா, இன்னிக்கி ஒரு மாப்பிள்ளையும் ரெண்டு பொண்ணும் விழுந்து கெடந்துச்சுங்க. சட்டுபுட்டுன்னு படம் எழுதிருங்க, எறும்பு காத்துக்கிட்டு இருக்கு" என்பார்.

என் மனைவிக்கு இது பிடிக்கவே இல்லை. "கறிக்கும் ஆகாது, கூண்டுக்கும் ஆகாது. பொணத்தையெல்லாம் சோறு திங்கற மேசையில பரப்புறீங்களே, ஒங்களுக்கே நல்லா இருக்கா?" என்று கேட்பாள். மேசை ஒன்றுதான் இருந்தது. நான் என்ன செய்ய?

செத்த பறவையை வரைவதில் ஒரு சங்கடம் உண்டு. இறகு நாள் முழுக்க அப்படியே இருக்கும். அலகும் விரலும் இருக்கும். கண் மட்டும் சீக்கிரம் மங்கி உள்ளே போய்விடும். அதனால் உடம்பை மேசையில் கிடப்பதைப் பார்த்து வரைவேன். கண்ணை, அதே சாதியில் உயிரோடு இருக்கும் இன்னொன்றைப் பார்த்துப் போடுவேன். வெள்ளைக்கண்ணியும் சின்னானும் ஆபீஸ் ஜன்னலுக்கு எதிர் வேலியில் தினமும் வந்து உட்காரும். ஒன்றின் உடம்பு, இன்னொன்றின் கண். பார்த்தவர்கள் எல்லோரும் உயிர் இருக்கிறது என்றார்கள். ஒருவரும் வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை.

ஒரு ஆனி மாதம் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. தோட்டத்துக்குக் கீழே ரோடு சரிந்து பஸ்ஸும் லொறியும் நின்றுபோயின. அந்த நாட்களில் ஒரு காலை, கவ்வாத்து வெட்டும் ஆள் ஒருவன் நனைந்த கம்பளியோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றான். தேயிலைச் செடியைத் தாழ வெட்டுகிற அந்த வளைந்த கத்தி இல்லாமல் அவனை நான் பார்த்ததே இல்லை. அன்று இடுப்பில் கத்தி இல்லை.

"ஐயா, பய போயிட்டாங்கய்யா" என்றான்.

கல்யாணமாகி ஏழாவது வருஷம் பிறந்த ஒரே பிள்ளை. ஒரு வயது நிறையவில்லை. சளி கட்டி இழுப்பு வந்தது. டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ரோடு இல்லை. தூக்கிக்கொண்டு நடந்தவர்கள் சரிவைத் தாண்ட முடியாமல் திரும்பியிருக்கிறார்கள்.

"அவ புள்ளைய எடுக்க விட மாட்டேங்கறாய்யா. மொகம் ஒண்ணு எனக்கு வேணும், அப்புறம் எடுத்துக்கிட்டுப் போங்கங்கறா. போட்டோக்காரர கூட்டியாரவும் வழியில்ல."

எனக்கு உடனே விளங்கியது. மாசித் திருவிழாவுக்கு ஹட்டனிலிருந்து ஒரு போட்டோக்காரர் வந்து கோயில் முன்னால் திரை கட்டியிருந்தார். இவன் மனைவி பிள்ளைக்கு மை வைத்துக்கொண்டு வரிசையில் நின்றாள். அவளுக்கு முன்னால் ஆறு பேர்தான் இருந்தார்கள். இவன் வந்து எல்லோர் முன்னிலும் அவள் கையைப் பிடித்து வரிசையிலிருந்து இழுத்துப் போனான். மொட்டை அடித்துக் காது குத்துவதற்கு முன்னால் கைக்குழந்தையைப் படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்பது தொழிலாளர் குடியிருந்த லயத்தில் எல்லோரும் நம்பியதுதான். என் வீட்டிலும் நம்பினோம். எங்கள் மூத்தவனுக்கு அந்த வயதில் எடுத்த படம் கிடையாது.

"எனக்குக் குருவிதாம்ப்பா வரும். மனுஷ முகம் வராது."

"செத்த குருவிய உசுரோட இருக்கற மாதிரி எழுதறீங்களே. அதே மாதிரி எழுதிக் குடுத்தாப் போதுங்க."

நான் இன்னும் ஏதோ சொல்லப் பார்த்தேன். அதற்குள் என் மனைவி வர்ணப்பெட்டியை ஒரு துணியில் முடிந்து என் கையில் கொடுத்துவிட்டுக் குடையை எடுத்து நீட்டினாள்.

லயத்துக் காம்பரா என்பது ஒற்றை அறை, அதற்கு ஜன்னல் இல்லை. வெளிச்சத்துக்காகப் பிள்ளையை வாசற்படிக்கு உள்ளே வெள்ளைத் துணியில் கிடத்தியிருந்தார்கள். தாய் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அவள் அழவில்லை. என் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நெத்தி இன்னுங் கொஞ்சம் மேல போகணுங்கய்யா. காதுல ஒரு மடிப்பு இருக்கு பாருங்க, அத வுட்டுட்டீங்க."

பக்கத்துக் காம்பராக்காரி அதட்டினாள். "நீ சும்மா இரு புள்ள. ஐயா எழுதட்டும்."

"நீங்க சும்மா இருங்கக்கா. நாளைக்கி நாந்தானே பாக்கப்போறேன்."

குருவியின் வால் இறகை எண்ணுவதுபோலவே எண்ணினேன். வேறு விதமாகப் பார்க்க எனக்குத் தெரியாது. மேல் இமை மயிர் இடது பக்கம் ஐம்பத்தொன்று. உதட்டின் கீழே ஒரு மச்சம். காது மடிப்பையும் போட்டேன். முகம் வந்துவிட்டது. மூடிய இமையை வரையப் போனபோது அவள் தடுத்தாள்.

"தூங்கறது வேணாங்க. தூங்கறவந்தான் இங்க கெடக்கானே. முழிச்சு என்னையப் பாக்கணும்."

சொல்லிவிட்டுக் குனிந்து, கட்டைவிரலால் பிள்ளையின் இமையை மெல்லத் தூக்கிக் காட்டினாள். அதுவரை எண்பதுக்கும் மேற்பட்ட பறவைகளில் நான் கண்டதுதான் அங்கேயும் இருந்தது. போதும் என்று தலையை ஆட்டினேன். அவள் விரலை எடுத்தாள்.

"யாரு கண்ணும்மா இவனுக்கு?" என்று கேட்டேன்.

"அவுங்க அப்பா கண்ணுதாங்க. உரிச்சு வச்ச மாதிரின்னு எல்லாருஞ் சொல்லுவாங்க."

பெண்கள் ஆமாம் என்றார்கள். நான் தகப்பனை இறவாரத்துக்குக் கீழே வெளிச்சத்தில் உட்காரச் சொன்னேன். என் வழக்கம் அதுதானே.

"என்னையப் பாருப்பா."

"முடியலீங்கய்யா."

"கொஞ்ச நேரம். அசையாம."

அவன் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலாகப் பிள்ளையைப் பார்த்தான். கண் சிமிட்டாமல் பார்த்தான். விழியின் நிறம், வெள்ளையில் ஓடிய மஞ்சள், ஓரத்துச் சுருக்கு எல்லாம் பிடித்துக்கொண்டேன். சுருக்கைத் தள்ளிவிட்டு, அளவைச் சிறிதாக்கி, குழந்தை முகத்தில் வைத்தேன். என் வாழ்நாளில் போட்ட கண்களில் அதுதான் சரியாக வந்தது என்று அப்போது நினைத்தேன்.

கைக்குழந்தை என்பதால் தப்பு அடிக்கவில்லை, பாடை கட்டவில்லை. அவனே இரண்டு கையிலும் ஏந்தி மழையில் தேயிலை மலை ஓரத்துக்குக் கொண்டுபோனான்.

வீட்டில் வைத்து வர்ணம் தீட்டினேன். அந்த ஈரத்தில் காகிதம் காய்வதற்குள் உயிர் போய்விடும். காய்ந்த பிறகு அட்டையில் ஒட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். லயமே கூடிவிட்டது. "அச்சு அசல்!" என்றார்கள். "பேசறான் பாரு" என்றாள் பக்கத்துக் காம்பராக்காரி.

தாய் மட்டும் படத்தைக் கையில் வாங்கவில்லை.

"மூக்கு அவன் மூக்கு. காது அவன் காது. இது எம்புள்ள இல்லீங்க."

"என்ன புள்ள சொல்ற? ஐயா எவ்வளவு சிரமப்பட்டு..." என்று புருஷன் தொடங்கினான்.

அவள் அவன் பக்கம் திரும்பினாள். "எம்புள்ள என்னைய இப்பிடிப் பாத்ததே இல்ல. பய போனதுலருந்து நீங்க என் மொகத்தப் பாக்கல. இப்ப அவன் மொகத்துல ஏறி உக்காந்துக்கிட்டுப் பாக்கறீங்க."

அப்போதுதான் நானும் படத்தைப் பார்த்தேன். பால் குடிக்கிற முகத்தில் முப்பத்தைந்து வயது ஆளின் கண்கள் இருந்தன. அந்தக் கண்கள் ஒரு பிணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. குருவியில் இப்படி ஆகாது. வேலியில் இருக்கும் குருவி, மேசையில் கிடக்கும் குருவியைப் பார்த்து அழுவதில்லை.

படத்தை அவன்தான் வாங்கிக்கொண்டான். சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியதாகக் கேள்விப்பட்டேன்.

பிறகு மழை இன்னும் விடாத ஒரு காலையில், அன்றைய வேலைக்குப் பெயர் கொடுக்க, ஆட்கள் கூடும் பெரட்டுக்களத்துக்குப் போகும் வழியில் அவள் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தாள். கூடைக்குள் சாக்கில் சுற்றிய படம் இருந்தது.

"கண்ண மூடிருங்கய்யா."

"தூங்கறது வேணாம்னு நீதானேம்மா சொன்ன?"

"ஆமாங்க. இப்ப மூடிருங்க. அவரு படத்துக்கு முதுகக் காட்டி உக்காந்துதான் சோறு திங்கறாரு. நேத்து அதுவும் திங்கல. வாசல்லயே குந்திக்கிட்டு இருக்காரு, உள்ள வர மாட்டேங்கறாரு."

ஆபீஸ் மேசையிலேயே செய்தேன். மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு இரண்டு முறை எட்டிப்பார்த்துவிட்டுப் போனார். வெள்ளையில் காவியும் கொஞ்சம் கறுப்பும் குழைத்து விழியின் மேல் பூசினேன். காய்ந்ததும் உள்ளேயிருந்து விழி தெரிந்தது. மறுபடி பூசினேன். அப்போதும் நிழலாகத் தெரிந்தது. மூன்றாம் முறை கெட்டியாக அப்பியபின்தான் மறைந்தது. அதன்மேல் இமை மயிரை வரைந்தேன். ஐம்பத்தொன்று. அதுவாவது பிள்ளையுடையது.

மத்தியானம் கொழுந்து நிறுக்க வந்தபோது அவளிடம் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தாள். சாக்கில் சுற்றிக் கம்பளிக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

"நனஞ்சா சாயம் போயிருங்களா?" என்று கேட்டாள்.

"போயிரும். நனையாம பாத்துக்கம்மா" என்றேன்.

மேலே பூசியதுதான் முதலில் கரையும் என்பதை நான் சொல்லவில்லை. அவள் கம்பளியை இழுத்து மூடிக்கொண்டு லயத்துப் படிகளில் இறங்கினாள். மழை பெய்துகொண்டே இருந்தது.