நாகராசுவின் கொள்ளுப் பை

நாகராசு கல்நெஞ்சக்காரன் என்று எங்கள் தெருவில் பேசாத வாய் கிடையாது. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எதிர்வீட்டில் இருந்து எல்லாவற்றையும் பார்த்தவன் நான்.

புதுக்கோட்டை ரயிலடியில் குதிரை வண்டி ஓட்டியவன் அவன். ராசாத்தி என்று ஒரு வெள்ளைக் குதிரை வைத்திருந்தான். வீட்டுக்கும் லாயத்துக்கும் நடுவே ஒரு தட்டிதான் மறைப்பு. குதிரை இருமினால் இவன் எழுந்து உட்கார்ந்துவிடுவான். பிள்ளை இல்லாத வீடு. "எனக்குக் காய்ச்சல்னா இந்த மனுசன் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாரு" என்று அவன் மனைவி அழகி சிரித்துக்கொண்டே குறைபட்டுக்கொள்வாள்.

வண்டிக்காரர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. எவன் குதிரையாவது நோயில் படுத்தால் வெறுங்கையோடு பார்க்கப் போக மாட்டார்கள். தங்கள் குதிரையின் முகத்தில் மாட்டும் கொள்ளுப் பையைக் கொண்டுபோய் நோயாளிக் குதிரைக்கு மாட்டி, நாலு வாய் தின்னவைத்துவிட்டு, பையைத் திரும்ப எடுத்துவருவார்கள். அப்படிப் போகாதவன் உறவை அறுத்துக்கொண்டவன்.

ஐம்பத்தாறாம் வருஷம் தொண்டை வீக்கம் வந்தது. குதிரைகளுக்குத் தாடைக்கடியில் கட்டி, மூக்கில் சீழ், மூச்சுத் திணறல். மாட்டு ஆஸ்பத்திரி டாக்டர் ரயிலடிக்கே வந்து சொன்னார்: ஒரு லாயத்து ஆள் இன்னொரு லாயத்துக்குள் நுழையக் கூடாது, பையும் வாளியும் கைமாறக் கூடாது. எல்லோரும் தலையாட்டினார்கள். கேட்டு நடந்தவன் நாகராசு ஒருவன்தான்.

அந்தச் சமயத்தில் கருப்பனின் குதிரை விழுந்தது. கருப்பன் வேறு யாருமில்லை, அழகியின் கூடப்பிறந்த அண்ணன். நாகராசு போனான். ஆனால் தெருவிலேயே நின்றுகொண்டான்.

"உள்ள வாங்க மாப்ளே."

"இங்கிட்டே நிக்கிறேன் மச்சான். கோவிச்சுக்காதீங்க. ராசாத்திக்கு ஒண்ணுன்னா நான் தாங்க மாட்டேன்."

"அப்ப என் குதுர செத்தா ஒங்களுக்கு ஒண்ணுமில்ல, அப்படித்தானே?"

கருப்பன் கதவைச் சாத்திக்கொண்டான்.

அழகிக்கு இருப்புக்கொள்ளவில்லை. இனி அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பது? நாகராசு கொள்ளு வாங்க இலுப்பூருக்கு பஸ் ஏறிய அன்று, ராசாத்தியின் பையை எடுத்துக்கொண்டு அவள் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அந்தக் குதிரை தின்னவில்லை. பைக்குள் மூக்கை வைத்துப் பெருமூச்சு விட்டது. "நீயாச்சும் வந்தியே ஆத்தா" என்று கருப்பன் கண்கலங்கினான். அவள் திரும்பி வந்து பையைப் பழைய ஆணியிலேயே மாட்டினாள். சாயங்காலம் நாகராசு வந்து, புதுக் கொள்ளை அதில் போட்டு, தன் கையாலேயே ராசாத்திக்கு மாட்டிவிட்டான்.

கருப்பனின் குதிரை செத்துப்போன வாரமே ராசாத்திக்குத் தாடை வீங்கியது.

"ஒரு ஆளையும் உள்ள விடலையே, எப்படி வந்துச்சு?" என்று நாகராசு புலம்பினான். அழகி தலையில் அடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவன் பையை எடுத்து எரிகிற அடுப்பில் போட்டான். "ஒரு அடி அடிச்சிருந்தாலாச்சும் எனக்கு ஆறியிருக்கும்ணே" என்று பிற்பாடு அவள் என்னிடம் சொல்லி அழுதாள்.

வண்டிக்காரர்கள் மனத்தாங்கலை மறந்து, ஆளுக்கொரு பையோடு வந்தார்கள். நாகராசு வாசலை மறித்து நின்றான்.

"வராதீங்கய்யா. ஒங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன். ஒங்க குதுரைங்களாச்சும் பொழைக்கட்டும்."

அழுதுகொண்டேதான் சொன்னான். அப்போதும் திமிர் பிடித்தவன் என்றே முணுமுணுத்துப் போனார்கள், பாவிகள்.

கடைசியில் கருப்பன் வந்தான். அவன் கையிலும் ஒரு பை. நாகராசு அவனையும் மறித்தான்.

"எனக்கு ஏது குதுர மாப்ளே? இனிமே யாருக்குக் கொண்டுபோயி ஒட்டவைக்கப் போறேன்?"

நாகராசுவின் கைகள் தாமாகவே இறங்கின. கருப்பன் உள்ளே போய், செத்த குதிரையின் பையை ராசாத்திக்கு மாட்டினான். அது ஒரு வாய்கூடத் தின்னவில்லை. பொழுது சாய்வதற்குள் போய்விட்டது.

அதற்குப் பின் எங்கள் தெருவில் ஒரு குதிரைக்கும் அந்த நோய் வரவில்லை. நாகராசு மறுபடி குதிரை வாங்கவில்லை. அறுபதுகளிலும் அதே ரயிலடியில் மூட்டை சுமந்தான். பிழைத்த குதிரைகள் எதிரே வந்தால் ஒதுங்கி வழிவிட்டுப் பார்த்துக்கொண்டே நிற்பான். ஒன்றைக்கூட அவன் தொட்டு நான் பார்த்ததில்லை.