இரண்டு வீட்டுக்கும் ஒரே எபனேசர்

ரெஜிலா என் சித்தி மகள். மணவாளக்குறிச்சியில் கட்டிக்கொடுத்தது. சவுதியில் நர்ஸாக இருந்தவள், இரண்டாவது பிரசவத்துக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டாள். இப்போது அயர்லாந்து வேலைக்கு முயற்சி. போன வாரம் நடந்த வீடியோ இன்டர்வியூ பாதியில் அறுந்துபோனது. அவர்கள் இரக்கப்பட்டு இன்னொரு தடவை கொடுத்தார்கள். இதுவும் போனால் மறுபடி கேட்க வேண்டாம் என்று சொல்லியும் விட்டார்கள். இன்று மத்தியானம் அது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள என்னை வரச் சொன்னாள். நான் போனபோது டேப்லெட்டை மடியில் வைத்து அழுதுகொண்டிருந்தாள்.

அவள் கணவன் ஜெபசிங் கத்தாரிலிருந்து வாங்கி வந்த மெஷ் வைஃபை அது. ஹாலில் ஒரு வெள்ளைப் பெட்டி, மாடியில் ஒன்று. வீடு முழுக்க நடந்தாலும் நெட் அறாது என்று பெருமை பேசி மாட்டினான். கண்றாவி, பின்னறைக்குள் நுழைந்தால் போனும் டேப்லெட்டும் ஐந்து நிமிடம் தாங்காது. கனெக்ட் ஆகியிருக்கிறது, இன்டர்நெட் இல்லை என்று காட்டும். ஹாலில் உட்காரலாம் என்றால் பக்கத்து மண்டைக்காட்டு அம்மன் கோவிலில் கொடைத் திருவிழா. வாசலில் பஸ்ஸும் வேனும் ஹாரனிலிருந்து கை எடுக்கவில்லை. சிம் சிக்னலோ அந்தத் தெருவில் ஒரு கோடு வந்தால் அதிர்ஷ்டம்.

பெட்டிகளை அணைத்து மறுபடி போட்டோம். மாடிப் பெட்டியை இறக்கி நடையில் வைத்தோம். கம்பெனிக்குப் போன் செய்தால் பாட்டுப் போட்டார்கள். எனக்குப் பொறுமை கிடையாது. அந்தப் பெட்டியைக் கிணற்றில் எறியத்தான் தோன்றியது.

"அக்கா, நேரமாவுது. எனக்க தலவிதி இதுதான் போல," என்றாள் ரெஜிலா.

"ஏட்டி, சும்மா கெட. கண்ணத் தொடச்சுக்க," என்று அதட்டிவிட்டு, கோபத்தில் இரண்டு பெட்டியின் பிளக்கையும் பிடுங்கிப் போட்டேன். போனைப் பார்த்தால் வைஃபை பட்டியலில் எங்கள் நெட்டின் பெயரான 'எபனேசர்' அப்படியே நிற்கிறது. அதுவும் பின்னறைச் சுவர்ப்பக்கம் போகப்போகக் கோடு நிறைந்துகொண்டே வருகிறது. நம் பெட்டி செத்துக் கிடக்க, இது யாருடைய எபனேசர்?

சுவருக்கு அந்தப் பக்கம் ஜெபசிங்கின் அண்ணன் சுந்தர்சிங்கின் வீடு. ஒரே மனையில் ஒட்டிக் கட்டியவை; இரண்டு வீட்டுக்கும் எபனேசர் என்றே பெயர். நெட் வைத்தபோதும், யார் போனும் யார் வீட்டிலும் பிடிக்க வேண்டும் என்று இரண்டுக்கும் அதே பெயர், அதே பாஸ்வேர்டு போட்டார்கள். பிறகு கிறிஸ்துமஸுக்குக் கார் நிறுத்தும் இடத்துக்காகச் சண்டை வந்தது. அண்ணனுக்கு சவுதியில், தமாமில் வேலை; தம்பி கத்தாரில். இங்கே சுந்தர்சிங்கின் மனைவி ஷைஜாவும் ரெஜிலாவும் முகம் பார்ப்பதில்லை. அந்த வீட்டுப் பெட்டியில் நெட் இல்லை, பெயர் மட்டும் உயிரோடு இருக்கிறது. நம் டேப்லெட் போய் அதில் ஒட்டிக்கொள்கிறது.

"வேணுமுன்னே போட்டு வச்சிருக்கா," என்று ரெஜிலா பல்லைக் கடித்தாள். நானும் ஆமாம் போட்டேன். பெட்டிகளுக்கு உயிர் கொடுத்து, பெயரையும் பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டு, டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

நான் நடையில் பிள்ளையின் வாயைப் பொத்தாத குறையாக நின்றேன். ஒவ்வொரு தடவை அவள் பேச்சு நின்றபோதும் கதவில் காதை வைத்தேன். கடைசி வரை அறவில்லை. வெளியே வந்தவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் ஷைஜாவின் குரல் கேட்டது. "கேக்குதா? நான் பேசுறது கேக்குதா?" தினமும் அந்நேரம் சுந்தர்சிங் வீடியோவில் வந்து குடும்ப ஜெபம் நடத்துவது வழக்கம். இன்று வீட்டுக்குள் பேசி, பின்கதவைத் திறந்து, முற்றத்தில் போனைத் தூக்கிப் பிடித்து நின்றாள்.

ரெஜிலா என்னைப் பார்த்தாள். எனக்கும் அப்போதுதான் புரிந்தது. நம் டேப்லெட் அங்கே போய் ஒட்டியதுபோல, இத்தனை நாளும் ஷைஜாவின் போன் இங்கே வந்து ஒட்டியிருக்கிறது.

ரெஜிலா பின்வாசலில் இறங்கினாள். நானும் போனேன்.

"அக்கா, ஒங்க வீட்டுல நெட் இல்லியா?"

ஷைஜா முகத்தைத் திருப்பவில்லை. "நெட்டுக்குப் பணம் கட்டல்ல. அவியளுக்குச் சம்பளம் வந்து மாசம் பல ஆச்சு. வெளிய சொல்லல்ல. ஒனக்க நெட்டுலதான் பேசிட்டிருந்தேன். நீ பாத்துட்டு நிறுத்தினது நியாயந்தான்."

ரெஜிலா ஷைஜாவின் கையிலிருந்து போனை வாங்கிப் புதிய பெயரைத் தேடி, பாஸ்வேர்டைப் போட்டாள். ஒரு தடவை தப்பியது.

அழைப்பு போனது. சுந்தர்சிங்கின் முகம் வந்தது, மெலிந்து கறுத்திருந்தார். போன் யார் கையில் இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் கேட்டார்: "ஷைஜா, நீ சொன்னியே, ரெஜிலாவுக்க இன்டர்வியூ இன்னைக்குத்தானே? அறாம முடிஞ்சுதா? மத்தியானம் முழுக்க அதுக்குத்தான் ஜெபிச்சேன்."