ஏழுமலை லூஸாக வைத்த கிளட்ச்

மெக்கானிக் ஏழுமலை இறந்துவிட்டார். இப்போதுதான், முக்கால் மணி நேரம் முன்பு போன் வந்தது.

"சார், நம்ம ஏழுமல பூட்டான் சார்... நாலரைக்கு எடுக்குறாங்க, வந்துடுங்க." பேசியது ஏழுமலை கடைக்குப் பக்கத்து டீக்கடைக்காரர். ஏழுமலையை நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பத்து நாள் ஆகிறது. நேற்றுகூடத் தேவலை என்றுதான் சொன்னார்கள்.

நான் கல்வராயன் மலை மேலே, எங்கள் ஸ்கூலில் இருக்கிறேன். தண்ணீர் டேங்க் பக்கத்தில் மட்டும்தான் சிக்னல், அங்கே நின்றுகொண்டுதான் டைப் பண்ணுகிறேன்.

அவர் வீடு கீழே, கச்சிராயபாளையத்தில். தூறல் விட்டபாடில்லை. அடுத்த பஸ் அஞ்சு மணிக்கு. பைக்கில்தான் இறங்கியாக வேண்டும்.

பயமாக இருக்கிறது.

இத்தனை வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு இந்த மலை ரோடு என்றால் பயம். ஏறும்போது ஒன்றுமில்லை... இறங்கும்போது உள்ளங்கை வேர்த்து கிரிப் வழுக்கும். ஹெல்மெட்டுக்குள் முருகா முருகா என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு வருவேன்.

கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு வந்து இறங்குகிற வாத்தியாரா இப்படி என்று ஸ்டாஃப் ரூம் நண்பர்கள் சிரிக்கலாம். சிரித்துக்கொள்ளுங்கள்.

மூணு வருஷம் முன்பு, யாருடைய வண்டியையோ பார்க்க ஏழுமலை மலைக்கு வந்திருந்தார். திரும்பும்போது என் பைக்கில் பின்னால் ஏற்றிக்கொண்டேன். கரும்பு வெட்டு, மச்சான் கல்யாணம், ஏரியில் பிடித்த மீன் என்று ஓயாமல் பேசிக்கொண்டு வந்த மனுஷன்... பாதி வழியில் பேச்சை நிறுத்திவிட்டார்.

கீழே வந்ததும், "வண்டிய வுட்டுட்டுப் போங்க சார், கிளட்ச்ச கொஞ்சம் பாக்கணும்" என்றார். முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

அன்றிலிருந்து அந்த கிளட்ச் ஒரு ரோதனை. லீவரைப் பாதி அழுத்தினாலும் வெறும் ஆட்டம்தான். முழுசாகப் பிடித்தாலும் இன்ஜின் விடாது, வண்டி முன்னால் இழுக்கும். ஸ்கூல் கேட்டில் நியூட்ரல் விழாமல் குதித்து ஆஃப் ஆகும். பிள்ளைகள் 'ஓ...' என்று கத்துவார்கள்.

டைட் பண்ணச் சொல்லிப் போனால், "பண்ணிட்டேன் சார்" என்பார். அப்படியேதான் இருக்கும்.

நான் சும்மா இருந்தேனா? "அந்த ஆளுக்கு கிளட்ச்சே வைக்கத் தெரியாதுப்பா" என்று ஸ்டாஃப் ரூமில் சொன்னேன். ஒரு தடவை இல்லை, பத்துத் தடவை. எச்.எம். வண்டியை வேறு கடைக்கு மாற்றினார், இன்னும் மூணு பேர் மாற்றினார்கள்.

கடைசியில் நானும் கள்ளக்குறிச்சியில் ஒரு பெரிய கடைக்குப் போனேன். "இன்னா சார் இது, கிளட்ச்சே இல்லாம ஓட்டிக்கினு கீறீங்க?" என்று அந்தக் கடை மெக்கானிக் சிரித்துவிட்டு, அஞ்சே நிமிஷத்தில் சரி பண்ணினான். வெண்ணெய் மாதிரி இருந்தது.

மறுநாள் இறக்கத்தில், ஒரு வளைவில் எதிரே பஸ்.

என் ரெண்டு கையும் தானாக இறுக மூடிக்கொண்டன. அவ்வளவுதான், வண்டிக்கு இன்ஜினே இல்லாத மாதிரி ஆகிவிட்டது... சத்தமே இல்லாமல் பறந்தது. பிரேக் எல்லாம் எங்கே பிடித்தது. பஸ்ஸுக்கும் பாறைக்கும் நடுவே எப்படிப் புகுந்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. பாறைப் பக்கத்து ஓடையில் போய் விழுந்தேன். மறுபக்கமாக இருந்திருந்தால் பள்ளம்.

முட்டியில் ரத்தத்தோடு ஏழுமலை கடையில் போய் நின்றேன். லீவரை ஒரு தடவை அழுத்திப் பார்த்தார்.

"யாரு சார் இதுல கை வெச்சது?"

சொன்னேன். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு குனிந்தபடியே பேசினார்.

"நீங்க பயந்தா ரெண்டு கையையும் சேத்து மூடிக்கிறீங்க சார். கிளட்ச்ச புடிச்சா இன்ஜின் வண்டிய வுட்ருது, எறக்கத்துல அது ஓடத்தான செய்யும்? அன்னைக்கு பின்னாடி உக்காந்துகினு பாத்தேன். அதான் லூஸு வெச்சேன். நீங்க எவ்ளோ புடிச்சாலும் இன்ஜின் வுடாது, இழுத்து நிறுத்தி வெச்சிக்கும்."

"சொல்லியிருக்கலாமே ஏழுமலை..."

"பயப்படறீங்கன்னு ஒரு வாத்தியாராண்ட எப்டி சார் சொல்றது?"

உங்களைப் பற்றி ஸ்டாஃப் ரூமில் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றேன். "தெரியும் சார், எச்.எம். சொன்னாரு" என்றார். முட்டிக்குத் தண்ணீர் எடுத்துவரப் போய்விட்டார்.

அதற்குப் பிறகாவது நான் ஸ்டாஃப் ரூமில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் என் பயத்தையும் சேர்த்துச் சொல்லணுமே... வெட்கம் கெட்டவன் நான்.

எச்.எம். சார், இதைப் படிக்கிற மற்ற சார்களும்... ஏழுமலைக்கு கிளட்ச் வைக்கத் தெரியும். நன்றாகவே தெரியும்.

அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, போன வாரம் கிளட்ச் கேபிள் அறுந்துவிட்டது. வேறு ஒருவரிடம் புதுசு போட்டேன். அவர் கரெக்டாக வைத்துக் கொடுத்துவிட்டார். நாலு நாளாக வண்டியை வீட்டில் நிறுத்திவிட்டு பஸ்ஸில்தான் வந்தேன். இன்றைக்குப் பார்த்து பஸ்ஸை விட்டுவிட்டேன், வண்டியில் ஏறி வந்துவிட்டேன்.

இப்போது டேங்க் பக்கத்தில் ஸ்பேனரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஏழுமலை எத்தனை சுற்று லூஸ் வைப்பார் என்று எனக்குத் தெரியாது. கேட்டதே இல்லை.

ஒரு சுற்று விட்டுப் பார்த்தேன். இன்னும் ஒன்று... இன்னும் கொஞ்சம்.

லீவரை முழுசாகப் பிடித்தாலும் வண்டி இழுக்கிறது. நியூட்ரல் விழ மாட்டேன் என்கிறது.

நாலரைக்குள் வந்துவிடுவேன்.

இறங்குகிறேன் ஏழுமலை.