பக்கம் மாறும் நேரம்

லிங்கநகர் சலூன் ரேடியோவில் ஒரு பழைய இசைக்குழுவின் அதே பாட்டு மறுபடியும் போனது. எனக்குப் பக்கத்தில் இருந்த ஒல்லி மனிதர் பாதிச் சவரம் செய்த முகத்தோடு கதிரையை விட்டு எழும்பினார்.

"அந்தக் குழுவின்ர கசற்றில பக்கத்துக்கு அஞ்சாப் பத்துப் பாட்டு இருக்கு. இந்த ரேடியோக்காரருக்கு ஒண்டுதான் தெரியும்! பத்தையும் நான் பாடுறன்."

மாதா கோயில் திருநாள் மேடையில் கிற்றாரோடு ஏறி, வரிசை மாறாமல் ஐந்து பாடினார். பிறகு கண்ணை மூடி நின்றார். கசற்றைத் திருப்பும் நேரமாம். வீட்டில் பழகும்போதும் அப்படித்தான்.

அரை நிமிடம் பொறுக்க ஏலவில்லை, விழாக்குழுச் செயலாளருக்கு! பாட்டு முடிந்ததென்று மைக்கைப் பிடுங்கி நன்றியுரை தொடங்கிவிட்டார். அது அரை மணித்தியாலம் போனது. யார் கேட்டார்கள் அதை?

"மைக்கைத் திருப்பி வாங்குங்கோ அண்ணே!" என்று கீழேயிருந்து கத்தினேன்.

"பக்கம் திருப்பேக்க கத்தக்கூடாது தம்பி," என்றார், கண்ணைத் திறக்காமலே.

மிச்ச ஐந்தையும் ஊர் கேட்கவேயில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை. வரும் ஞாயிறு பின்னேரம் இறங்குதுறையில் முதலாவதிலிருந்து பாடப்போகிறார். நடுவில் நான் எழுதிய ஒரு மட்டையைத் தூக்கிப் பிடிப்பேன்: "முடியேல்ல. பக்கம் மாறுது."