பூசாத சுவர்

ராத்தா வீட்டு நடு அறையின் கிழக்குச் சுவரைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கரி எழுத்துகள்தான் எனக்குத் தெரியும். மற்றவர்களுக்கு அது இளம்பச்சைச் சாயமடித்த சுவர். அது பூசாத சீமெந்துக் கல்லாக நின்ற காலத்தில், எனக்கு மூத்தவளான ராத்தா அடுப்புக் கரித்துண்டால் அதில் கணக்குச் செய்வாள். கொப்பியில் வராத கணக்கும் சுவரில் வரும் என்பாள்.

எங்கள் ஊரான ஓட்டமாவடியில் பெண்பிள்ளைக்குச் சீதனம் வீடுதான். கட்டி முடித்தால்தான் மாப்பிள்ளை பேச வருவார்கள். ராத்தா சின்ன வகுப்பில் இருக்கும்போதே வாப்பா வளவில் அத்திவாரம் போட்டுவிட்டு சவூதிக்குப் போனார். சுவர் எழும்பிய நேரம் வேலை போய்த் திரும்பிவந்தார். கூரையில்லாமல் கிடந்த வீட்டைப் பார்த்துப் பார்த்து உம்மா அழுதா. அந்தக் காலத்தில்தான் ராத்தா வகுப்பில் முதலாம் பிள்ளையானாள். உயர்தர வகுப்புக்குக் கணிதம் எடுத்தாள். என்ஜினியர் ஆகப்போவதாகச் சொல்லித் திரிந்தாள். "புள்ளைக்கு இப்பதான் புத்தி வந்திருக்கு" என்று உம்மா எல்லோரிடமும் சொன்னா. புத்தி எப்போதும் இருந்தது. கூரைதான் இல்லை.

வாப்பா மறுபடி வெளிநாடு போனார். உயர்தரச் சோதனைக்குச் சில மாதங்கள் இருக்கையில் ஓடு வந்து இறங்கியது. அன்றைக்கே ராத்தாவின் படிப்பு தளர்ந்துவிட்டது. யாரும் அவளிடமிருந்து புத்தகத்தைப் பறிக்கவில்லை. "படிங்க மகள், நான் மறிச்சனா?" என்று வாப்பா தொலைபேசியில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. மறிக்கவில்லைதான். மறித்திருந்தால் சண்டை பிடித்திருப்பாள். அவளுக்கு வாய் கொஞ்சமா? ஆனால் ஓடு ஏற ஏற, இனி என்னத்துக்குப் படிப்பு என்று அவளே நம்பத் தொடங்கிவிட்டாள். மேசன் சாந்தைக் குழைத்து அந்தக் கணக்குகளின் மேல் அப்பியபோது வாசலில் நின்று பார்த்தாள்.

"ஒரு கணக்கு முடியல்ல," என்றாள்.

"அதையெல்லாம் இனி மாப்பிள்ளை முடிப்பார் புள்ள," என்று மேசன் சிரித்தார். சோதனை எழுதினாள், தேறவில்லை.

எனக்கு வீடு கட்ட வாப்பாவிடம் ஒன்றும் மிஞ்சவில்லை. அதனால் என் விஷயத்தில் யாருக்கும் அவசரமும் இருக்கவில்லை. படித்தேன், கணித ஆசிரியையானேன். ராத்தாவின் மூளையில் பாதிகூட எனக்கில்லை. நினைத்தால் கோபம்தான் வருகிறது, யாரைக் கோபிப்பதென்றுதான் தெரியவில்லை.

ராத்தாவின் மகள் இப்போது உயர்தரத்தில் கணிதம் படிக்கிறாள். மாலையானால் கணக்குக் கேட்க என்னிடம் ஓடிவருவாள். போன வாரம் வரவேயில்லை. என்னவென்று பார்க்கப் போனேன். மச்சான், ராத்தாவின் கணவர், கத்தாரிலிருந்து காசு அனுப்பியிருக்கிறார். வளவின் பின்பக்கம் மகளுக்கென்று அத்திவாரம் வெட்டி, சீமெந்துக் கல் அடுக்கியிருந்தார்கள். மகள் நடு அறையில் கைபேசியோடு படுத்திருந்தாள். புத்தகம் மூடிக் கிடந்தது.

"மண்டைக்குள்ள ஏறுதில்ல சாச்சி," என்றாள்.

நான் ராத்தாவைத் திரும்பிப் பார்த்தேன். அந்த முடியாத கணக்கு இருந்த இடத்தில் சாய்ந்து நின்றாள்.

"படிக்கட்டுமே," என்றாள். "நான் மறிச்சனா?"