பானெட்டுக்குள் சாம்பல் நிறம்

சண்டை முடிந்து என் கணவர் அரியலூர் ஸ்டேஷனுக்கு வந்தபோது, கூட வந்த பட்டாளத்துக்காரர் ஒருவர்தான் அவரைக் கைபிடித்து ரயிலிலிருந்து இறக்கிவிட்டார். பட்டாள லாரிகளுக்கு மெக்கானிக்காகப் போனவர் என் கணவர். பேட்டரி வெடித்து ஆசிட் தெறித்ததில் இரண்டு கண்களும் போய்விட்டன.

பட்டாளத்துக்குப் போவதற்குமுன் பெரம்பலூருக்கும் அரியலூருக்குமாக அவர் வாடகைக்கு ஓட்டிய கார், கொட்டகையில் துருவேறி நின்றது. லெப்பைக்குடிக்காட்டு வியாபாரி ஒருவர் விலைக்குக் கேட்டார். கொடுத்துவிடலாம் என்றார் இவர். ஆனால், இன்ஜினைத் துருவோடு கொடுக்கமாட்டேன் என்று பிடிவாதம்.

அவரைப் பெயிண்டுக் கடைக்குக் கூட்டிப் போனேன். கடைக்காரர் பச்சையில் ஒரு டப்பாவும் சாம்பலில் ஒன்றும் எடுத்து வைத்தார்.

"என்ன பச்சைன்னு பாரு. புதுசுல இன்ஜின் கிளிப்பச்சையா இருந்துச்சு" என்றார் இவர் என்னிடம்.

மூடியைத் திறந்து பார்த்தேன்.

"கிளிப்பச்சை இல்லீங்க. பட்டாள லாரி மாதிரி இருக்கு."

டப்பாவைத் தொட்டிருந்த கையை அவர் சட்டென்று எடுத்துக்கொண்டார்.

"அது வேணாம். சாம்பலே வாங்கு. எண்ணெய் ஒழுகுனா அதுல பளிச்சுன்னு தெரியும். புகைக்குழாய்க்கு மட்டும் அலுமினிய பெயிண்ட் கேளு. மத்ததெல்லாம் சூட்டுல கருகிப்போயிரும்."

வீட்டுக்கு வந்ததும் கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டினார். விரலால் தடவிப் பார்த்து, சரி என்று அவர் சொன்ன இடத்தில் நான் பூசினேன். கடைசிப் பூச்சு முடிந்தது.

"பளபளன்னு இருக்கா?"

"இருக்குங்க."

"என் கையால சீர் செஞ்ச வண்டி, நான் பாக்காமலே போவுது."

கண் போனவருக்குக் கண்ணீர் வராது என்று நினைத்திருந்தேன். வந்தது.

வியாபாரி வந்தார். காரைச் சுற்றிப் பார்த்தார். இன்ஜினை ஓடவிட்டுச் சத்தத்தைக் கேட்டார்.

"பானெட்டைத் தொறந்து பாருங்க பாய்" என்றார் இவர்.

"உங்க வண்டிய நான் தொறந்து பாக்கணுமாங்க? அல்லா மேல ஆணையா, உங்க மேல அவ்வளவு நம்பிக்கை."

மரியாதையாகச் சொன்ன வார்த்தைதான். பானெட்டைத் திறக்காமலே பணத்தைக் கொடுத்துவிட்டுக் காரை எடுத்தார். கார் தெருமுனை திரும்பி, சத்தம் அடங்கும்வரை இவர் நின்றுகொண்டே இருந்தார்.

பிறகு நாங்கள் குன்னத்துக்கு, என் அண்ணன் வீட்டோடு போய்விட்டோம். பருத்தி எடுக்கும் காலத்தில், பஞ்சில் ஒட்டிய சருகுகளைத் தடவித் தடவிப் பொறுக்குவார். காரைப் பற்றி அதன்பின் அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் பேச்செடுத்ததில்லை.