அருளம்பலம் அண்ணை இல்லாத முதல் விழா

செய்தி வந்தபோது எங்கள் வீட்டில் இருந்தவர்கள்: நான், என் கணவர், மகள் சுகந்தி, மிருதங்கத்தோடு செல்லையா மாஸ்டர், அவருடைய மனைவி, கீழ்மாடியில் குடியிருக்கும் பியானோக்காரர் எட்வர்டோ. வெள்ளிக்கிழமைப் பஜனை நடந்துகொண்டிருந்தது. எட்வர்டோ பஜனைக்காக வந்தவர் அல்ல. கோடை விழாவைப் பற்றிக் கதைப்பதற்கு அருளம்பலம் அண்ணை அன்று எங்கள் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. அண்ணைக்காக எட்வர்டோ சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுச் சுவரோரம் காத்திருந்தார். தொலைபேசி அடித்தது. அண்ணையின் மனைவி கமலா அக்கா பேசினார். "நெஞ்சு நோகுது எண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தனாங்கள். இவர் எங்களை விட்டிட்டுப் போட்டார் பிள்ளை." அவ்வளவுதான் சொன்னார்.

நான் அறைக்குள் வந்து தமிழில்தான் சொன்னேன். மாஸ்டர் மிருதங்கத்தை உறைக்குள் போட்டுக் கட்டியதைப் பார்த்ததுமே எட்வர்டோ எழுந்து நின்றுவிட்டார். பாதியில் நின்ற தேவாரத்தை நான் விளக்குக்கு முன்னால் பாடி முடித்தேன். அதன் பிறகுதான் அழுதேன்.

இந்தக் குறிப்பைப் பிரதி எடுத்து நம் குடும்பங்களுக்கெல்லாம் கொடுக்கிறேன். அண்ணையை அறிந்தவர்கள் இதில் பிழை கண்டால் திருத்துங்கள். பிறகு வந்து சேர்ந்தவர்களுக்காகச் சிலவற்றை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

அருளம்பலம் அண்ணை கொழும்பில் பகலில் ரயில்வேக் கந்தோரில் கிளாக். இரவில் ஒரு ஹோட்டல் நடன வாத்தியக் குழுவில் பொங்கோ மேளம் அடித்தவர். அந்த நாளில் கொழும்பு ஹோட்டல்களில் ரும்பாவும் சாச்சாவும் மாம்போவும்தான் நாகரிகம். இந்த மெட்டுகள் எந்தத் தேசத்தவை என்று கேட்டால் அவருக்கே சரியாகத் தெரியாது. கைக்குத் தெரியும். கனடாவுக்கு வந்து ஸ்காபரோவில் ஒரு பண்டகசாலையில் வேலைக்குச் சேர்ந்தபோது, மேளத்தோடு தன் உறவு முடிந்துவிட்டது என்று நினைத்ததாக எங்களிடம் சொல்லியிருக்கிறார்.

அது முடியாமற் போனதற்கு நானே சாட்சி. எங்கள் அடுக்குமாடியின் நிலக்கீழ் அறையில்தான் உடுப்புத் தோய்க்கும் இயந்திரங்கள் வரிசையாக நிற்கின்றன. ரொறன்ரோவின் சி.என். கோபுரம் அப்போது இன்னும் கட்டிமுடியாமல் நின்றது. ஒரு சனிக்கிழமை அண்ணையின் உடுப்புகள் உலரும் இயந்திரத்துக்குள் சுழன்றுகொண்டிருந்தன. அதற்குள் ஏதோ ஒரு பொத்தான் 'டக், டக்' என்று அடிபட, அவர் இயந்திரத்தின் தலையில் இரண்டு கையாலும் ஒரு தாளம் போடத் தொடங்கினார். பக்கத்தில் சிலியிலிருந்து புதிதாக வந்திருந்த ஓர் இளம் மனிதர், ஒருவரோடும் பேசாதவர், தன் உடுப்புக் கூடையோடு உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு கையைத் தட்டினார். முதலில் மூன்று தட்டு, பிறகு இரண்டு. அண்ணை திரும்பிப் பார்க்கவில்லை, அடியை மட்டும் அதற்குள் பொருத்திக்கொண்டார். என் உடுப்பு காய்ந்து இயந்திரம் நின்ற பிறகும் நான் அங்கேயே நின்றேன். அந்த இளம் மனிதர்தான் எட்வர்டோ. ஜாஸ் பியானோ வாசிப்பவர் என்பது மூன்று வாரம் கழித்துத்தான் தெரியவந்தது.

அந்த நிலக்கீழ் அறையிலிருந்து வந்ததுதான் நம் விழா. முதலில் கட்டடத்தின் பொது அறையில் வாசித்தார்கள். கட்டடக் காவலாளி இரண்டாம் கிழமையே கலைத்துவிட்டார். எக்குவடோர்க்காரர் சிலரும் கியூபாவிலிருந்து வந்த ட்ரம்பெட்காரர் ஒருவரும் சேர்ந்தார்கள். அந்தக் கோடையில் கட்டடத்துக்குப் பின்னால் உள்ள பூங்காவில் ஒரு ஞாயிறு மாலை வாசிக்க நகரசபை அனுமதி கொடுத்தது. எட்வர்டோவின் மின்பியானோவுக்கு மின்சாரம் எங்கள் பல்கனியிலிருந்து கயிறு மாதிரி இறக்கிய வயரில் போனது.

அந்த முதல் விழாவுக்கு முந்தின நாள் ஒரே ஈரம். அண்ணையின் கொங்கா மேளம் பழசு, தோல் தளர்ந்துபோய்ச் சட்டிமாதிரிச் சத்தம் போட்டது. சொல்லாமல் கொள்ளாமல் அதைத் தூக்கிக்கொண்டு என் குசினிக்குள் வந்து, அடுப்பைப் போட்டு, மேளத்தைத் தலைகீழாகப் பிடித்துச் சூடு காட்டினார். மேலே தட்டில் பிள்ளையார் படம் இருக்கிறது.

"அண்ணை, உது மாட்டுத்தோல். நான் சைவச் சமையல் சமைக்கிற அடுப்பு."

"கோயிலில அடிக்கிற தவில் என்ன, வாழையிலையிலயே செய்தது?" என்றார் மேளத்தைச் சுழற்றிக்கொண்டே. "பிள்ளையாருக்குத் தெரியாத தோலே? இவ்வளவு காலமும் அதைத்தானே கேட்டுக்கொண்டிருக்கிறார்."

அவர் போன பிறகு அடுப்பைக் கழுவினேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அடுத்த வருடம் நானே அடுப்பைப் போட்டு வைத்தேன்.

அன்று புறப்படும்போது அண்ணை வாசலில் நின்று, "உம்மட ஆளிட்ட ஒருக்காச் சொல்லிவிடும், மழை ஆறு மணிக்குப் பிறகு வந்தாப் போதும் எண்டு" என்றார். நான் பிள்ளையாரிடம் உண்மையாகவே வேண்டிக்கொண்டேன். மறுநாள் அவர்கள் இரண்டாவது உருப்படியைத் தொடங்கும்போதே மழை கொட்டியது. எல்லாரும் பியானோவுக்கு மேல் தார்ப்பாய்ப் படங்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம், அண்ணை நனைந்தபடி என்னிடம் வந்து சொல்கிறார்: "பிழை அவரில இல்லை பிள்ளை. நீர் எந்த ஊர் நேரம் எண்டு சொல்லேல்லை. ஆள் யாழ்ப்பாண நேரத்தில எடுத்திட்டார்." மழை விட்டதும் மீண்டும் வாசித்தார்கள். போயிருந்த சனத்தில் பாதி திரும்பி வந்தது. அடுத்த வருடமும் வேண்டும் என்று அன்றைக்கே முடிவாயிற்று.

அவருடைய அன்பு வாய்ச்சொல்லில் இருக்காது. எக்குவடோர்ப் பெண்கள் இறைச்சி சுடும் அடுப்பு ஒரு பக்கம், நம் வீடுகளிலிருந்து போகும் மரவள்ளிக்கிழங்குக் கறியும் சோறும் மறுபக்கம். மரவள்ளியைக் கண்டதும் அந்தப் பெண்கள் தங்கள் சொந்தக்காரரைக் கண்டதுபோல் சிரித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆனால் இறைச்சிப் புகை என் பக்கம் வந்தால் எனக்கு ஒன்றும் இறங்காது. நான் யாரிடமும் சொல்லவில்லை. அண்ணை வாசிப்புக்கு இடையில் ஓடி வந்து, விரலை நாக்கில் நனைத்துக் காற்றைப் பார்ப்பார். "எழும்புங்கோ, மேசை மாறுது" என்பார். ஒரே மாலையில் என் மேசை பூங்காவையே சுற்றி வந்திருக்கிறது. கடைசியில் எக்குவடோர்ப் பெண்களும் விரலை நனைத்துப் பார்க்கப் பழகிவிட்டார்கள்.

இரண்டாம் வருடத்துக் கதையை நீங்கள் எல்லாரும் என்னைச் சொல்லிச் சிரிப்பதற்காக வைத்திருக்கிறீர்கள். இருந்தாலும் எழுதுகிறேன். இரண்டு மரக்கட்டைகளைத் தட்டி அந்த மூன்றும் இரண்டுமான அடியைப் போடுகிறவர் அன்று வரவில்லை. அண்ணை கட்டைகளைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

"பஜனையில சிங்கி போடுறீர்தானே. இது அதிலும் லேசு. ஒரே ஒரு விதி. ஆர் என்ன செய்தாலும் நீர் மாறக்கூடாது."

நான் மாறவில்லை, கடைசி உருப்படி வரைக்கும். ஆனால் நம் பஜனை எப்படி முடியும்? நாமாவளி முடிவுக்கு வர வர வேகம் ஏறும், கைகள் தாமாகவே ஏறும். சனம் எழுந்து ஆடத் தொடங்கியதும் எனக்குள் பஜனை முடியும் நேரம் வந்துவிட்டது. என் கட்டைகள் ஏறின. ட்ரம்பெட்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார், பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு துரத்தினார். எட்வர்டோவின் விரல்கள் பறந்தன. ஆடியவர்களில் ஒரு சோடி புல்லில் விழுந்தது. முடிந்தபோது நான் வெட்கத்தில் கட்டைகளைச் சேலைத் தலைப்புக்குள் ஒளித்துவிட்டேன். அண்ணை வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "விதியை முறிச்சாலும் எல்லாரையும் கூட்டிக்கொண்டெல்லோ போனனீர், பிறகென்ன" என்றார். எட்வர்டோ இன்னொரு தரம் வேண்டும் என்று கேட்டார். அன்றிலிருந்து நம் விழாவின் கடைசி உருப்படி ஒவ்வொரு வருடமும் அப்படித்தான் முடிகிறது. மற்ற இடங்களிலிருந்து வரும் ஜாஸ்காரர்கள் அது எந்த நாட்டு வழக்கம் என்று கேட்கிறார்கள்.

ஆனால் அவரை நான் உண்மையாக அறிந்தது மொன்றியலில் ஒலிம்பிக் நடந்த அந்தக் கோடையில். சனம் அதிகம். பாதி வாசிப்பில் ஒரு பொலிஸ்காரர் புல்லைக் கடந்து மேடையை நோக்கி வந்தார். நமக்கு அது ஒரு பொலிஸ்காரர், அவ்வளவுதான். எட்வர்டோவுக்கு அப்படி இல்லை. சிலியில் சீருடைக்காரர் வீட்டுக்கு வந்து அவருடைய தமையனைக் கொண்டுபோனதை அவர் அதற்கு முன் எங்கள் ஒருவருக்கும் சொன்னதில்லை. பியானோ நின்றது. ட்ரம்பெட் நின்றது. எட்வர்டோவின் இரண்டு கையும் பியானோக் கட்டைகளுக்கு மேல் அப்படியே நின்றுவிட்டன, முகத்தில் இரத்தமே இல்லை.

கொங்கா மட்டும் நிற்கவில்லை. அண்ணை சத்தத்தைக் குறைத்தார், ஆனால் அடித்துக்கொண்டே இருந்தார். அடித்தபடியே தலையை நிமிர்த்தி, ரயில்வேக் கந்தோர் ஆங்கிலத்தில், "மாலை வணக்கம் ஐயா, நாங்கள் உங்களுக்கு என்ன செய்யலாம்?" என்று கேட்டார். ஒரு கார் வேறொருவரின் வழியை மறித்து நிற்கிறதாம், அதை எடுக்க வேண்டுமாம். அண்ணை அடித்துக்கொண்டே கார்க்காரரைக் கூப்பிட்டார். பொலிஸ்காரர் போகும்போது காலால் தாளம் போட்டுக்கொண்டு போனார். கொஞ்ச நேரம் கொங்கா தனியாக நடந்தது. பிறகு பியானோவில் ஒரு விரல் விழுந்தது, பிறகு இன்னொன்று.

அன்று மாலை வயரைச் சுருட்டும்போது, ஏன் நிற்பாட்டவில்லை என்று கேட்டேன். "நான் நிப்பாட்டியிருந்தா அவன் எழும்பி ஓடியிருப்பான் பிள்ளை. ஓடினா இந்த நாட்டிலயும் அவனுக்கு ஓடுற வேலைதான். திரும்பி வாறதுக்கு ஒரு சத்தம் இருக்கவேணும்."

இனி இந்த வருடத்தைச் சொல்கிறேன். விழாவுக்கு நகரசபை தந்திருக்கும் ஞாயிறு, அண்ணையின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு முன்னால் வருகிறது. வேறு நாள் இந்தக் கோடையில் இல்லை. எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு அன்று கமலா அக்கா வீட்டில் இதைப் பற்றிப் பேச்சு வந்தது.

"இந்த வருசம் விடுவம்" என்றார் செல்லையா மாஸ்டர். "செத்த வீட்டுத் துடக்குக் கழிய முன்னம் கொட்டு மேளமோ? சனம் என்ன சொல்லும்?"

"எந்தச் சனம் மாஸ்டர்?" என்று கமலா அக்கா கேட்டார். "இஞ்ச இருக்கிற எங்கட சனம் முழுக்க இந்த அறைக்குள்ளதானே இருக்கு."

அழுத முகங்களோடு சிலர் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. "துடக்கு எனக்கு. நான் கீழ இறங்கமாட்டன். பல்கனிக் கதவைத் திறந்துவிட்டிட்டு உள்ளுக்கு இருப்பன். ஆனா அண்டைக்குப் பூங்கா சத்தமில்லாமல் கிடந்தா, எனக்கு இவர் இரண்டாந்தரம் போன மாதிரி."

எட்வர்டோ ஒரு மூலையில் இருந்தார். என் மகள் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லக் கேட்டுவிட்டு மெதுவாக ஒன்று சொன்னார். "வெளியிலிருந்து வேறு கொங்காக்காரரை நான் தேடப்போவதில்லை. அந்தக் கதிரை உங்களுடையது, அதில் இருப்பவரை நீங்கள்தான் சொல்ல வேண்டும், ஒருவரும் இல்லையென்றால் விழாவும் இல்லை." அறையில் எல்லாரும் மாஸ்டரைப் பார்த்தோம். மேளம் தெரிந்தவர் நமக்குள் இப்போது அவர் ஒருவர்தான். அவர் எழுந்து வெளியே போனார்.

லிஃப்ற் வாசலில் அவரைப் பிடித்தேன். "துடக்கு ஒரு சாட்டுத்தான் பிள்ளை" என்றார். "இவ்வளவு வருசமும் அவனை 'ஹோட்டல் கொட்டுக்காரன்' எண்டு நக்கலடிச்சனான். அவன் ஒருநாளும் கோவிக்கேல்லை. இப்ப போய் அவன்ர கதிரையில இருந்து அடிக்க எனக்குக் கை எழும்புமோ?"

"அவரும்தான் உங்கட மிருதங்கத்தைத் 'தேவாரப் பெட்டி' எண்டவர். இதை நான் எல்லாருக்கும் எழுதட்டோ மாஸ்டர்?"

"எழுதும். நான் வாயால சொல்லமாட்டன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவருடைய அந்த அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். சாத்திரப்படி பார்த்தால் மாஸ்டர் அண்ணையின் உறவினர் அல்லர், அவருக்குத் துடக்கு இல்லை. கடவுளுக்குப் பயந்தவள் நான். யோசித்துத்தான் சொல்கிறேன், அன்று வாசிப்பதில் எனக்குக் குற்றம் தெரியவில்லை.

அண்ணை போனதில் எனக்கென்று மிஞ்சியது என்ன என்று இந்த நாட்களில் நினைத்துப் பார்த்தேன். விழாவுக்கு முன் ஒவ்வொரு வருடமும் அவர் மாடி மாடியாக ஏறிக் கதவைத் தட்டி, வருகிறீர்களா என்று கேட்பார். நாமெல்லாம் "பாப்பம்" என்போம். அவர் நகரமாட்டார். "ஓம் எண்டாலும் நல்லம், இல்லை எண்டாலும் நல்லம். 'பாப்பம்' எண்டதை வைச்சு நான் எப்பிடி விழா நடத்துறது?" நான் எதையும் மனிதரிடம் கேட்டுப் பழகாதவள். வேண்டியதைச் சுவாமியிடம் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவேன். முகத்தைப் பார்த்துக் கேட்கலாம், கேட்பதில் சிறுமை இல்லை என்பதை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன். இனி அது என்னுடையது.

ஆகவே கேட்கிறேன். செல்லையா மாஸ்டர், கொங்காவுக்கு நீங்கள் வருகிறீர்களா? மற்றவர்களில் சோற்றுக்கும் கறிக்கும் யார் யார் வருகிறீர்கள்? விழா அன்று மாலை கமலா அக்காவோடு வீட்டில் இருக்க யார் வருகிறீர்கள்? வரும் திங்கட்கிழமை காலையில் எட்வர்டோ நகரசபைக்கு முடிவைச் சொல்ல வேண்டும். கதவைத் தட்டியோ தொலைபேசியிலோ, அதற்கு முந்தின ஞாயிறு மாலைக்குள் எனக்கு உங்கள் பதிலைத் தாருங்கள்.